பிவிசி கன்ட்யூட் பைப்பைச் சூடாக்கி வளைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயரிங் வேலைக்குப் பயன்படும் கடின பிவிசி கன்ட்யூட் பைப்பைத் தேவைப்படும் கோணத்துக்கு வளைப்பது பற்றி வேலையிடத்தில் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பிவிசி சூட்டை மிக மெதுவாக உள்ளே வாங்கும் என்பதை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நசுங்கல், கருகல், வெடிப்பு என்று கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறந்து அவசரப்படுவதால் வருபவை.

கடையில் ரெடிமேட் பெண்ட் கிடைக்கிறதே, பிறகு ஏன் வளைக்க வேண்டும்?

நேர் 90 டிகிரி, 45 டிகிரி திருப்பம் என்றால் ரெடிமேட் பெண்டே போதும். ஆனால் பீமைத் தாண்டிப் போக வேண்டிய ஆஃப்செட் (எதிரெதிரான இரண்டு வளைவால் பைப்பை ஒதுக்கிக் கொண்டுபோவது), சுவர் நேராக இல்லாத இடம், 90-க்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ உள்ள மூலை ஆகியவற்றுக்கு ஏற்ற அளவு கடையில் இருக்காது. ஒவ்வொரு ரெடிமேட் பெண்டுக்கும் இரண்டு ஒட்டு தேவை. ஒட்டு சரியாக உட்காராவிட்டால் கான்கிரீட் ஊற்றும்போது சிமென்ட் பால் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். பைப்பையே வளைத்துவிட்டால் அந்த இடத்தில் ஒட்டே கிடையாது. வளைவும் விரிவாக இருப்பதால் வயர் இழுப்பது எளிது.

பைப் எந்தச் சூட்டில் வளையும், எந்தச் சூட்டில் கெடும்?

கடின பிவிசி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் விறைப்பை இழக்கத் தொடங்கும். கையால் தயக்கமில்லாமல் வளைக்க 110 முதல் 130 டிகிரி வரை நல்ல நிலை. அப்போது பைப் நனைந்த தோல் பெல்ட் போலத் துவளும், ஆனால் நிறமும் பளபளப்பும் மாறியிருக்காது. 160-ஐத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். 180, 200 என்று போனால் பழுப்பாகும், குமிழி விடும், ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வேகமாக வெளியேறும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், பக்கத்திலுள்ள இரும்புக் கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

வளையும் சூட்டுக்கும் கெடும் சூட்டுக்கும் இடையே சில பத்து டிகிரிதான் இருக்கிறது. பிவிசியின் வெப்பம் கடத்தும் திறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.19 வாட்; சாதாரண எஃகின் திறன் 50-ஐ ஒட்டி இருக்கும். வெளிப்பக்கம் 150 டிகிரி ஆன நேரத்தில் 2 மி.மீ. தடிமன் தாண்டி உள்பக்கம் இன்னும் விறைப்பாகவே இருக்கலாம். சூட்டைக் கூட்டுவதற்குப் பதில் நேரத்தைக் கூட்டச் சொல்வது இதனால்தான்.

சூடே காட்டாமல், ஸ்பிரிங் மட்டும் வைத்து வளைக்கலாமா?

ஸ்பிரிங் என்பது வளைக்கும்போது பைப் நசுங்காமல் இருக்க உள்ளே விடும் நீளமான கம்பிச்சுருள். 20, 25 மி.மீ. பைப்பில் தாராளமாகச் செய்யலாம். வீட்டு வேலையில் பாதி வளைவுகளுக்கு இதுவே சிறந்த முறை. ஆனால் ஸ்பிரிங் பைப்பின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரே 20 மி.மீ. வெளிவிட்டத்திலும் நடுத்தர ரகம், கனத்த ரகம் என்று சுவர்த் தடிமன் மாறுவதால் உள்விட்டமும் மாறும். லூசான ஸ்பிரிங்கைப் போட்டால் பைப் சப்பையாகும்.

ஸ்பிரிங்கின் நடுப்பகுதி வளைவின் நடுவில் வருமாறு உள்ளே விடுங்கள். முழங்காலில் வைத்து, கைகளை இரண்டு பக்கமும் ஓர் அடி தள்ளிப் பிடித்து, மெதுவாக ஒரே சீராக அழுத்துங்கள். வேகமாக மடக்கினால் வெடிக்கும். கையை விட்டதும் பைப் கொஞ்சம் விரியும். அதனால் 90 டிகிரி வேண்டுமென்றால் 10, 15 டிகிரி கூடுதலாக மடக்கி, அரை நிமிடம் பிடித்திருந்து விடுங்கள். குளிர்ந்த காலையில், முக்கியமாக 10 டிகிரிக்குக் கீழே, குளிர் வளைப்பு வேண்டாம். உலர்ந்த துணியால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தோ ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் மின்கருவி) லேசாகக் காட்டியோ வெதுவெதுப்பாக்கிய பிறகு வளையுங்கள்.

32 மி.மீ.க்கு மேல் போனால் கை பலம் போதாது. அங்கே சூடாக்கித்தான் ஆக வேண்டும்.

ஹீட் கன்னால் வளைக்கும் சரியான முறை என்ன?

தேவையானவை: வெப்பநிலையை மாற்றக்கூடிய ஹீட் கன், பைப்பைச் சுற்றிக் காற்றைத் திருப்பும் வளைந்த நாசில், அளவுக்கேற்ற ஸ்பிரிங், தோல் கையுறை, பென்சில், ஈரத்துணி, கோணம் பார்க்க ஒரு மட்டப்பலகை அல்லது தரையில் வரைந்த கோடு.

முதலில் வளைவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். பிளேடால் கீறிக் குறிக்காதீர்கள். பிவிசியில் சின்னக் கீறல்கூட வெடிப்பு தொடங்கும் இடமாகிவிடும்.

ஸ்பிரிங்கின் ஒரு முனையில் இருக்கும் வளையத்தில் கயிறு கட்டி, குறிகளுக்கு நடுவில் வரும் வரை உள்ளே தள்ளுங்கள். எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று தெரிய, பைப்பின் வாய் வரும் இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அரை அடி தள்ளிப்போனால் வளைவின் ஒரு முனை நசுங்கும், காரணமும் விளங்காது.

ஹீட் கன்னை 300, 350 டிகிரியில் வையுங்கள். இது நாசில் வாயிலுள்ள காற்றின் சூடு. பைப்பின் சூடு அல்ல. வாயைப் பைப்பிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளிப் பிடித்து, குறிக்கப்பட்ட நீளம் முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இன்னொரு கையால் பைப்பை உருட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு கையும் நிற்கக் கூடாது. ஓரிடத்தில் மூன்று நான்கு விநாடி நின்றாலே அங்கே பளபளப்பு மாறத் தொடங்கும்.

20 மி.மீ. பைப்புக்கு ஒன்று, இரண்டு நிமிடம் ஆகும். கனத்த ரகமும் பெரிய அளவும் கூடுதல் நேரம் எடுக்கும். ஆனாலும் கடிகாரத்தைவிட பைப்பை நம்புங்கள். கிடைமட்டமாகப் பிடித்து லேசாக ஆட்டினால், சூடான பகுதி தன் எடையிலேயே தொய்ந்து ஆட வேண்டும். உருட்டும்போது ஒரு பக்கம் மட்டும் விறைப்பாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கு இன்னும் சூடு வேண்டும். தொய்ந்த பிறகும் சூட்டைக் குறைத்து 15, 20 விநாடி உருட்டினால் உள்பக்கம் வரை சமமாகும். பலர் தவறவிடுவது இந்த 20 விநாடியைத்தான்.

பிறகு சமதளத்தில் வைத்து, இழுக்காமலும் அமுக்காமலும் மெதுவாக வளையுங்கள். இழுத்தால் வெளிப்பக்கச் சுவர் மெலியும். கோணம் வந்ததும் அப்படியே பிடித்து, ஈரத்துணியை வளைவு முழுவதும் சுற்றிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கி வளைவு முறுகும். கைக்கு வெதுவெதுப்பு மட்டும் தெரியும் வரை விடாதீர்கள். சூடாக வளைத்ததில் திரும்ப விரிவது மிகக் குறைவு. இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக மடக்கினால் போதும்.

கேஸ் பர்னர், ப்ளோ லேம்ப், தீப்பந்தம்?

வேண்டாம். சுவாலையின் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். வெளித்தோல் கருகிய பிறகும் உள்ளே விறைப்பாக இருக்கும். கருகிய பிவிசி உடையும் தன்மை கொண்டது. மேலே துடைத்துவிட்டால் சரியாகிவிடாது. அமெரிக்க தேசிய மின் விதிநூலின் 352-ஆம் பிரிவு, பிவிசி கன்ட்யூட்டை அந்த வேலைக்கென்று அடையாளப்படுத்தப்பட்ட கருவியால் மட்டுமே வளைக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், ஆய்வுக்கு வருபவர் கருகல் தடத்தைப் பார்த்தால் பைப்பைத் தள்ளிவிடுவது நியாயமே.

ஹீட் கன் இல்லை. கொதிக்கும் தண்ணீர் போதுமா?

மெல்லிய 20, 25 மி.மீ. பைப்பின் விரிவான வளைவுகளுக்குப் போதும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாததால் கருகவே கருகாது. புதிதாகப் பழகுபவருக்குப் பாதுகாப்பான வழி. வளைக்க வேண்டிய பகுதி முழுவதும் கொதிநீரில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே ஊற்றினால் பலனில்லை. வெளியே எடுத்ததும் சில விநாடிகளில் விறைக்கத் தொடங்கும் என்பதால் ஸ்பிரிங்கை முன்பே போட்டு, வளைக்கும் இடத்தையும் தயாராக வைத்திருங்கள். நெருக்கமான வளைவுக்கும் கனத்த ரகத்துக்கும் இந்தச் சூடு பற்றாது. தலைமுடி உலர்த்தும் டிரையரின் சூடு இதைவிடக் குறைவு. அது வேலைக்கு உதவாது.

கொதிக்கும் எண்ணெயில் முக்குவதைச் சிலர் செய்கிறார்கள். பைப்பில் எண்ணெய்ப் படலம் தங்கினால் சால்வென்ட் சிமென்ட் (பிவிசியை ஒட்டும் பசை) பிடிக்காது. தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது.

ஸ்பிரிங்குக்குப் பதில் மணல் நிரப்பலாமா?

நிரப்பலாம். ஸ்பிரிங் கிடைக்காத அளவுகளுக்கு நல்ல மாற்று. மணல் சன்னமாகவும் முழுக்க உலர்ந்தும் இருக்க வேண்டும். ஈர மணலைச் சூடாக்கினால் நீராவி அழுத்தம் முனை அடைப்பைப் பிதுக்கித் தெறிக்கவிடும். ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பைப்பைத் தட்டித்தட்டி இறுக்குங்கள். தளர்வாக நிரப்பினால் நிரப்பாததற்குச் சமம். மணலும் சூட்டைக் குடிக்கும் என்பதால் வெறும் பைப்பைவிட நேரம் கணிசமாகக் கூடும்.

வளைத்த பிறகு மணல் ஒரு பருக்கைகூட உள்ளே இருக்கக் கூடாது. கயிற்றில் துணிக்குஞ்சம் கட்டி இரண்டு முறை இழுத்துத் துடையுங்கள். தங்கிவிடும் மணல், வயர் இழுக்கும்போது உப்புத்தாள் போல இன்சுலேஷனை உரசும்.

50 மி.மீ., அதற்கு மேல் உள்ள பைப்புகளை எப்படி வளைப்பது?

கையில் பிடிக்கும் ஹீட் கன்னால் பெரிய பைப்பை நான்கு பக்கமும் சமமாகச் சூடாக்குவது கடினம். இதற்கு மின் ஹாட் பாக்ஸ் பயன்படுகிறது. நீளமான பெட்டிக்குள் ஹீட்டரும், பைப்பை உருட்ட ரோலர்களும் இருக்கும். பைப்பை உருட்டிக்கொண்டே இருந்தால் சுற்றளவு முழுவதும் ஒரே சூடு ஏறும். இன்னொன்று பைப்பைச் சுற்றிக் கட்டும் மின் வெப்பப் போர்வை. அதில் உருட்டல் தேவையில்லை. ஆனால் போர்வை இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும்.

பெரிய பைப் நசுங்காமல் இருக்க உள்ளிருக்கும் காற்றையே தாங்கலாக்கலாம். சூடாக்கும் முன்பே இரண்டு முனைகளிலும் விரியும் ரப்பர் பிளக்கை இறுக்கிவிடுவார்கள். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், வட்டம் கெடாது. பைப் முழுவதும் குளிர்ந்த பிறகே பிளக்கை எடுக்க வேண்டும். முன்கூட்டி எடுத்தால் இளகியிருக்கும் சுவர் உள்ளே குழிந்துவிடும். பிளக்கைத் தளர்த்தும்போது முகத்தை முனைக்கு நேரே வைக்காதீர்கள்.

வளைவின் ஆரம் எவ்வளவு? எவ்வளவு நீளம் சூடாக்க வேண்டும்?

முதலில் ஆரம். நெருக்கமான வளைவு பார்க்க அழகாக இருக்கலாம், வயர் இழுப்பவருக்குத் தண்டனை. அமெரிக்க விதிநூலின் அட்டவணையில் பொது வளைவுகளுக்கு நடுக்கோட்டு ஆரம் (பைப்பின் நடுக்கோடு வரை அளக்கும் ஆரம்) அரை இன்ச் பைப்புக்கு 102 மி.மீ., முக்கால் இன்ச்சுக்கு 127, ஒரு இன்ச்சுக்கு 152, இரண்டு இன்ச்சுக்கு 305 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதைக் கைவசம் வைத்துக்கொண்டு உங்கள் பகுதி விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

90 டிகிரி வளைவு விழுங்கும் நீளம் ஆரத்தைப் போல 1.57 மடங்கு. 20 மி.மீ. பைப்பை 100 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 157 மி.மீ. அதற்கு இரண்டு பக்கமும் 40 மி.மீ. கூட்டி, சுமார் 240 மி.மீ. நீளத்தைச் சூடாக்குங்கள். 10 செ.மீ. மட்டும் சூடாக்கிவிட்டு 90 டிகிரி மடக்க முயல்வதே உள்பக்கம் சுருக்கம் விழுவதற்கு முதல் காரணம்.

தரையிலிருந்து வளைவின் முதுகு வரை 400 மி.மீ. உயரம் வேண்டும் என்று வையுங்கள். அதில் ஆரம் 100-ஐயும், பைப் விட்டத்தில் பாதி 10-ஐயும் கழித்தால் 290. முனையிலிருந்து 290-ல் முதல் குறி, 447-ல் இரண்டாம் குறி. ஒரே அளவில் பல வளைவுகள் தேவை என்றால் பிளைவுட்டில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். அச்சின் ஆரம் நடுக்கோட்டு ஆரத்தில் பைப் விட்டத்தின் பாதியைக் கழித்தது: 25 மி.மீ. பைப், 150 மி.மீ. ஆரம் என்றால் அச்சு 137.5 மி.மீ.

ஆஃப்செட் போடும்போது இரண்டு வளைவுக்கும் இடைவெளி எப்படிக் கணக்கிடுவது?

தாண்ட வேண்டிய உயரத்தை, 30 டிகிரி என்றால் 2-ஆலும், 45 டிகிரி என்றால் 1.414-ஆலும், 22.5 டிகிரி என்றால் 2.6-ஆலும் பெருக்குங்கள். 100 மி.மீ. உயரம், 30 டிகிரி என்றால் வளைவுகளின் நடுக்குறிகளுக்கு இடையே 200 மி.மீ. இப்படி வளைத்ததும் பைப் நேர்க்கோட்டில் எட்டும் தூரம் சுமார் 27 மி.மீ. குறையும், 45 டிகிரியில் 41 மி.மீ. வெட்டும்போது இதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பாக்ஸுக்கு எட்டாது. இரண்டு வளைவும் ஒரே தளத்தில் இருக்க, பைப்பின் முதுகில் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு முறுகினால் வளைவும் முறுகியிருக்கிறது.

ஒரு ஓட்டத்தில் எத்தனை வளைவு வரை போகலாம்?

இரண்டு இழுப்பு இடங்களுக்கு (வயரை இழுக்கத் திறந்திருக்கும் பாக்ஸ் போன்றவை) நடுவில் மொத்தம் 360 டிகிரி, அதாவது நான்கு 90, என்பது அமெரிக்க விதியின் எல்லை. இரண்டோடு நிறுத்தி ஒரு பாக்ஸ் வைப்பதே எங்கள் பரிந்துரை. வளைவில் உராய்வு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உராய்வு எண் 0.35 என்று கொண்டால் ஒவ்வொரு 90-க்கும் இழுவிசை சுமார் 1.73 மடங்காகும். நான்கு வளைவில் அது 9 மடங்கு. மறுமுனையில் 5 கிலோ பின்னிழுப்பு இருந்தால் இந்தப் பக்கம் 45 கிலோ இழுக்க வேண்டும். அதுவும் நேர் நீளங்களின் உராய்வைச் சேர்க்காமல்.

வளைத்தது சரியாக வரவில்லை. பார்த்தவுடன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிவளைவில் வெள்ளையாகக் கோடு அல்லது மங்கல் தெரிந்தால் சூடு பற்றாமல் இழுபட்டிருக்கிறது. உள்வளைவில் மடிப்பு விழுந்தால் சூடாக்கிய நீளம் குறைவு, அல்லது ஸ்பிரிங் தள்ளிப்போயிருக்கிறது. பழுப்பு, குமிழி என்றால் அதிகச் சூடு. அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். கோணம் மறுநாள் விரிந்திருந்தால் சூடு ஆறும் முன்பே விட்டிருக்கிறீர்கள். முட்டை வடிவமாகியிருந்தால், உள்விட்டத்தில் 80 சதவீத அளவுள்ள மரக்குண்டை உருட்டிப் பாருங்கள். குண்டு தங்காமல் போனால் பயன்படுத்தலாம்.

நிறம் மாறாத தவறுகளைத் திருத்த வழி உண்டு. பிவிசி தன் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும். அதே இடத்தைத் திரும்பச் சூடாக்கினால், தானாகவே ஏறக்குறைய நேராகும். ஒருமுறை இப்படித் திருத்தலாம். மீண்டும் மீண்டும் சூடாக்கினால் உள்ளே சேர்க்கப்பட்ட நிலைப்படுத்திகள் தீர்ந்து பைப் உடையும் தன்மைக்கு வரும்.

ஸ்பிரிங் உள்ளே மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?

நேராக இழுக்காதீர்கள், இழுத்தால் ஸ்பிரிங் நீண்டு நாசமாகும். கம்பிச் சுற்று இறுகும் திசையில் முறுக்கிக்கொண்டே இழுங்கள். விட்டம் குறைந்து கழன்று வரும். வளைவைச் சில டிகிரி விரித்துப் பிடித்தால் இன்னும் எளிது. பைப் முழுவதும் ஆறும் முன் எடுக்க முயல வேண்டாம்.

உள்ளே வயர் இருக்கும்போது பைப்பைச் சூடாக்கி வளைக்கலாமா?

கூடாது. பொதுவான பிவிசி வயரின் இன்சுலேஷன் 70 டிகிரிக்குத்தான் தகுதி பெற்றது. பைப் வளையும் சூட்டில் வயரின் தோலும் இளகி ஒன்றோடொன்று ஒட்டும், செம்பு ஒரு பக்கம் ஒதுங்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கெடுதல் பிறகு மின்கசிவாகத்தான் தெரியவரும். வயரை வெளியே எடுத்துவிட்டு வளையுங்கள்.

வெயிலில் பல வருடம் கிடந்த பைப்பை வளைக்கலாமா?

மேலே மாவு போல வெள்ளைப் பொடி வந்தால் வேண்டாம். சூடாக்கினாலும் வெளித்தோல் வெடிக்கும்.

ஒட்டு போடுவது வளைத்த பிறகா, முன்பா?

எப்போதும் வளைத்து, ஆறவைத்து, முனைகளை நேராக வெட்டிய பிறகுதான். கப்ளருக்குள் (இரண்டு பைப்பை இணைக்கும் துண்டு) போகும் 5 செ.மீ.யைச் சூடாக்காதீர்கள், முட்டையான முனை கப்ளரில் உட்காராது. சால்வென்ட் சிமென்ட்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஹீட் கன் ஓட்டக் கூடாது.

வெளிச்சுவரில் பொருத்திய பைப் வெயிலில் நெளிகிறதே, அது வளைப்பின் கோளாறா?

இல்லை, அது வெப்ப விரிவு. பிவிசி ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மி.மீ. நீளும். 10 மீட்டர் ஓட்டம், 30 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால் 18 மி.மீ. இரண்டு முனையும் பாக்ஸில் இறுகியிருந்தால் அந்த நீளம் நடுவில் நெளிவாக வெளிவரும். பைப் நீளவும் சுருங்கவும் இடம் தரும் விரிவு கப்ளர் ஒன்று போட்டு, கிளிப்புகளை பைப் நகரும் அளவுக்குத் தளர்வாக வையுங்கள். வளைவை ஒட்டி இரண்டு பக்கமும் கிளிப் இருக்கட்டும். ஆனால் வளைவின் மேலேயே கிளிப் அடித்து இறுக்காதீர்கள்.

என்னென்ன பாதுகாப்பு?

தோல் அல்லது தடித்த பருத்திக் கையுறை போதும். நைலான், பாலியஸ்டர் கையுறை உருகி ஒட்டும். 120 டிகிரியில் இருக்கும் பைப் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்யுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அந்த நொடியே சூட்டை விலக்கி வெளியே போங்கள். ஹீட் கன்னை அணைத்த பிறகு நாசில் பல நிமிடம் சூடாகவே இருக்கும். மர மேசையில் படுக்க வைக்காமல் வாய் மேலே பார்க்க நிறுத்தி வையுங்கள்.